வெடிப்பு மறுபடி நகர்ந்ததா என்று கேட்டுச் சொன்ன நான்கு நாட்கள்

எனக்கு வேன் ஓட்டுவது தொழில். காஞ்சிபுரத்தில் வேன் ஓட்டுகிறவனுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம்: எந்தக் கோயிலில் எப்போது நடை சாத்துவார்கள், எந்தப் பட்டுக் கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். நான் ஐந்து வேளை தொழுகிற குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயில் மதியம் எப்போது சாத்தும் என்று அந்தத் தெருக்காரர்களே சில சமயம் எனக்குப் போன் போட்டுக் கேட்பார்கள்.

சவாரி பெரும்பாலும் கல்யாணப் புடவை எடுக்க வருகிற குடும்பங்கள். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒரே வண்டியில் வரும். காலையில் ஒருவருக்கொருவர் முறுக்கு கொடுத்துக்கொண்டு வருவார்கள். சாயங்காலம் திரும்பும்போது அரக்கு நிறமா மாம்பழ மஞ்சளா என்பதில் மனஸ்தாபம் வந்து பேச்சு நின்றிருக்கும். "டிரைவர், டீக்கு நிறுத்தணுமான்னு அவங்களையே கேளுங்க" என்று ஒரு சீட்டிலிருந்து குரல் வரும். இரு தரப்புக்கும் நடுவில் சேதி சொல்வது எனக்குப் பழகிப்போனது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. சொன்னதை அப்படியே சொல்லக் கூடாது. "டீயும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்று இவர்கள் சொன்னால், "அவங்களுக்குக் கொஞ்சம் தலைவலியாம்" என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். என் தயவில் நடந்த கல்யாணங்கள் சில உண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் வந்த ஒரு சவாரியில் இந்த நுட்பம் செல்லுபடியாகவில்லை.

போனில் ஒரு அம்மா பேசினார். "காஞ்சிபுரத்தச் சுத்தி பழைய ஃபால்ட் எல்லாம் பாக்கணும். நாலு நாளைக்கு வண்டி வேணும். ரெண்டு பேர் வருவோம்."

கரண்ட் ஆபீஸ் ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் ஃபால்ட் என்றால் கரண்ட் போய்விட்டது என்றுதான் அர்த்தம். "நல்லதாப் போச்சு மேடம். எங்க தெரு டிரான்ஸ்பார்மர்லயே ஒரு ஃபால்ட் இருக்குது. தூறல் போட்டாலே புஸ்ஸுனு போயிடுது. அங்கிருந்தே ஆரம்பிச்சிரலாம்" என்றேன்.

"தம்பி, நான் சொல்றது பூமிக்கு அடியில இருக்கிற ஃபால்ட்."

"கேபிளா மேடம்?"

"பாறை" என்றார்.

புதன்கிழமை காலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சுடிதார், காலில் கனத்த பூட்ஸ், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சின்ன பூதக்கண்ணாடி. கல்லூரியில் நிலவியல் பேராசிரியர் என்று சொன்னார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். "நடுவுல உக்காருங்க மேடம், பின்னாடி தூக்கிப் போடும்" என்றேன். "போடட்டும்" என்றார்.

இன்னொருவரை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் ஏற்ற வேண்டும். எதற்கு வேறு வேறு லாட்ஜ் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். அவரும் பேராசிரியர்தான், வேறு கல்லூரி. நெட்டையான ஆள், தொப்பி, காதில் பென்சில். என் பக்கத்தில் முன் சீட்டில் ஏறினார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வணக்கம் கூட இல்லை.

பெரிய தெருவைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "தம்பி, மேப் என்கிட்ட இருக்குதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

நான் பக்கத்தில் பார்த்தேன். சார் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், மேப் அவங்ககிட்ட இருக்குதாம்."

"காதுல விழுந்தது. எந்த வருஷத்து மேப்புன்னு கேளுப்பா."

"மேடம், எந்த வருஷத்து மேப்புன்னு..."

"எனக்கும் காது இருக்குது தம்பி. புதுசுதான்னு சொல்லுங்க."

சரி, நமக்குத் தெரிந்த வேலைதானே என்று நினைத்தேன். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது மேடம், "இந்தத் தடவையாவது கண்ணத் திறந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். நான் என் வழக்கப்படி, "சார், மேடம் கொஞ்சம் நிதானமாப் பாக்கலாம்னு சொல்றாங்க" என்றேன்.

"நான் அப்படிச் சொல்லல" என்றது பின் சீட்டு.

"அவங்க அப்படிச் சொல்லல" என்றது முன் சீட்டு. "கண்ணத் திறன்னு சொன்னாங்க. இந்த வேலையில வார்த்தைய மாத்தக் கூடாதுப்பா. உள்ளத உள்ளபடி சொல்லணும்."

அன்றிலிருந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். கல்யாணப் பார்ட்டியிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நான் தொழிலை விட்டிருக்க வேண்டியதுதான்.

விஷயம் இதுதான். ஊருக்குத் தெற்கே, ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கைவிட்ட கல் குவாரி ஒன்று இருக்கிறது. ஜல்லிக்கு வெட்டி வெட்டிப் பெரிய பள்ளமாகி, அடியில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. அந்தப் பள்ளத்தின் சுவரில் அவர்கள் ஃபால்ட் என்று சொல்கிற பழைய வெடிப்பு ஒன்று மேலிருந்து கீழ் வரை தெரிகிறது. அதைப் பற்றி இரண்டு பேரும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுத வேண்டும், இரண்டு கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஆளுக்கொரு வண்டி கொடுக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

போகிற வழியில் சார் எனக்கு விளக்கினார். "நம்ம நாடு ஒரு காலத்துல அண்டார்டிகாவோட ஒட்டிக்கிட்டு இருந்ததுப்பா. பிரியும்போது நிலத்தை ரெண்டு பக்கமும் இழுத்துச்சு. இழுத்த இடத்துல வெடிச்சு, ஒரு பக்கம் கீழ இறங்கிச்சு. அப்புறம் நாம வடக்கே போய் ஆசியா மேல மோதினோம். அந்த மோதல்ல இமயமலை எழும்பிச்சு. அந்தத் தள்ளு இன்னும் நிக்கல, இங்க வரைக்கும் வருது. தள்ளும்போது பூமி புதுசா ஒரு இடத்த எதுக்கு உடைக்கணும்? ஏற்கனவே உடைஞ்ச இடம் இருக்குதே, அதுலயே நகர்ந்துடும். கண்டம் பிரியும், சேரும், திரும்பவும் பிரியும். ஒவ்வொரு தடவையும் பழைய வெடிப்புக்கு வேலை வரும். இந்தக் குவாரி வெடிப்பும் ரெண்டாவது தடவை நகர்ந்திருக்குதுன்னு நான் சொல்றேன்."

"எல்லா வெடிப்புக்கும் வேலை வராதுன்னு சொல்லுங்க தம்பி" என்றார் மேடம். "தள்ளுற திசை வாகா இருந்தாத்தான் பழசு நகரும். அதோட இந்த வெடிப்புக்குள்ள சூடான தண்ணி ஏறி, வெள்ளைக் கல்லா உறைஞ்சு, சிமெண்டு போட்ட மாதிரி அடைச்சுப்போச்சு. இப்ப அது பக்கத்துப் பாறைய விட கெட்டி. அது ஒரே தடவை நகர்ந்ததுதான். அதோட சரி."

எனக்கு இரண்டுமே சரியாகத்தான் பட்டது. என் வண்டியின் இடது பக்கக் கண்ணாடியின் தண்டு ஒரே இடத்தில் மூன்று தடவை உடைந்திருக்கிறது. அதைச் சொன்னதும் சார் என் தோளைத் தட்டினார். அப்புறம் வாய் சும்மா இருக்காமல் பம்பர் கதையையும் சொன்னேன். பம்பர் விரிசல் விட்டபோது இரண்டு குழாயில் வருகிற பசையைக் கலந்து அடைத்தேன். அடுத்த தடவை இடித்தபோது பசை போட்ட இடம் அசையவில்லை, பக்கத்தில் புதிதாக உடைந்தது.

"கேட்டுதான்னு கேளுங்க தம்பி!" என்றார் மேடம்.

சார் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி, "எங்கங்க சவாரி?" என்று கேட்டாள். அவள் வீட்டில் பட்டுப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறவள். "பழைய ஃபால்ட் பாக்க வந்திருக்காங்க. அது மறுபடி நகர்ந்துச்சா இல்லையான்னு சண்டை" என்றேன்.

"ஃபால்ஸ் நகர்ந்துச்சுன்னா பிரிச்சுட்டு வேற வெச்சுத் தைக்க வேண்டியதுதான. இதுக்கு நாலு நாளா?"

ஃபால்ஸ் இல்லை, ஃபால்ட், பூமிக்கு அடியில் வெடிப்பு என்று விளக்கினேன். விளக்கியது தப்பு. கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "நம்ம வீட்டுக்கு அடியில போவுதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். "நாளைக்குக் கேட்டுக்கினு வாங்க. கேக்காம வீட்டுக்கு வராதீங்க."

வியாழக்கிழமை காலை வண்டி கிளம்பியதும் பொதுவாக நடு ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்: "எங்க வீட்ல ஒரு சந்தேகம். இங்க பூகம்பம் வருமா?"

"நாள் நேரம் யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இது அமைதியான பூமி. பயப்படாமத் தூங்கச் சொல்லுங்க" என்று முன் சீட்டும் பின் சீட்டும் ஒரே நேரத்தில், கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் இருவருக்கும் என்னவோ போல ஆகிவிட்டது. குவாரி வரும்வரை யாரும் சேதி அனுப்பவில்லை.

அன்று மேடம் மறுகரையில் படம் வரைந்துகொண்டிருந்தபோது சார் தானாகவே என்னிடம் வந்து உட்கார்ந்தார். "நாங்க பேசாததுக்குக் காரணம் தெரியுமா? ஒரு சுத்தியல்" என்றார். இருபது வருடத்துக்கு முன் வேறொரு குவாரியில் மேடத்தின் சுத்தியலை இரவல் வாங்கியிருக்கிறார். மேடம் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய சுத்தியல். கை வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டது. "புதுசு வாங்கிக் கொடுத்தேன்பா. தொடக்கூட இல்ல."

மத்தியானம் மேடத்திடம் தண்ணீர் பாட்டில் கொடுக்கப் போனபோது, "சுத்தியல் கதை சொன்னாரா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "தண்ணியில விழுந்ததுக்கு நான் கோபப்படல தம்பி. அன்னைக்கு சாயங்காலம் எல்லார் முன்னாடியும், 'அவங்க சுத்தியலத் தொலைச்சுட்டாங்க'ன்னு சொன்னாரு. அவங்கன்னா நான்! தொலைச்சது அவரு, பேரு எனக்கு!" அந்த 'அவங்க'வைச் சொல்லும்போது அவர் முகம் சிவந்துவிட்டது. இருபது வருடம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. எனக்கே சார் மேல் கோபம் வந்தது. ஆனால் யாரும் சொல்லி அனுப்பாததால் அதை நான் சொல்லவில்லை.

போனில் எழுதி அனுப்பிக்கொள்ளலாமே என்று மெதுவாகக் கேட்டேன். "பிளாக் பண்ணிட்டேன்" என்றார். பிறகு சாரிடமும் கேட்டேன். அவரும் பிளாக் பண்ணியிருந்தார். யார் முதலில் என்பதில் இரண்டு கருத்து இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்கு எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். பள்ளிவாசலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தி, இரண்டு பேரையும் உள்ளே விட்டுப் போனேன். தொழுகை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான், அவர்களுக்கு நடுவில் ஆளே இல்லையே என்பது உறைத்தது. கொஞ்சம் வேகமாகவே நடந்தேன்.

வண்டிக்குள் புழுக்கம். சார் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார். மேடத்தின் கையில் நோட்டு விரிந்திருந்தது. நான் கதவைத் திறந்ததும் இரண்டு பேருக்கும் உயிர் வந்தது.

"ஒண்ணு" என்றார் மேடம், நோட்டைப் பார்த்து. "தெற்குச் சுவரை இன்னைக்கே முடிக்கணும். ரெண்டு, அவரு நேத்து எடுத்த அளவு தப்பு. மூணு..."

"இருங்க மேடம், வண்டிய எடுத்துக்கறேன்."

"எனக்கும் இருக்குது" என்றார் சார். அவர் நோட்டு எடுத்து வரவில்லை போல. டிபன் பொட்டலம் கட்டிய தாளின் பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தார். "முதல்ல அந்த ஜன்னலக் கொஞ்சம் திறக்கச் சொல்லுப்பா. முக்கால் மணி நேரமா வேகறேன்."

முன் ஜன்னல் சாவி போட்டால்தான் இறங்கும்; கையால் திறக்கிற ஜன்னல் மேடத்தின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. "மேடம், சார் ஜன்னலத் திறக்கச் சொல்றாரு."

"கேட்டிருந்தா அப்பவே திறந்திருப்பேன்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே திறந்தார். அவர் முகமும் வெந்துபோயிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மேடத்தின் நோட்டில் பதினொரு சேதிகள். சாரின் தாளில் ஒன்பது. குவாரிக்குப் போய்ச் சேரும்வரை படித்துப் படித்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை கடைசி நாள். சார் பள்ளத்தின் விளிம்பில், மேடம் கீழே தண்ணீர் ஓரத்தில். நடுவில் ஆடு இறங்குகிற ஒரு தடம். காலையிலிருந்து நான் அதில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். கீழே மேடம் ஒரு கருப்புப் பாறையைக் காட்டினார். கண்ணாடி போலத் தேய்ந்திருந்தது. அதில் மெல்லிய கோடுகள் மேலிருந்து கீழாக ஓடின. "ஒரு பக்கம் கீழ இறங்கும்போது உரசின தடம். எல்லாக் கோடும் செங்குத்தாத்தான் இருக்குது. பக்கவாட்டுல ஒண்ணு கூட இல்ல. போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். "தள்ளும்போது பக்கவாட்டுலதான் நகர்ந்திருக்கும். நல்லாத் தேடச் சொல்லு" என்றார் சார். இறங்கி வந்து சொன்னேன். "நல்லாத் தேடியாச்சுன்னு சொல்லுங்க" என்றார் மேடம். ஏறினேன்.

எத்தனாவது தடவை என்று நினைவில்லை. பாதி வழியில் கால் சறுக்கியது. பிடிமானத்துக்குச் சுவரில் கை வைத்தேன். உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போய் நின்றது. விழவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இனி ஒரு சேதியும் கொண்டுபோக மாட்டேன், கல்யாணப் பார்ட்டிகளே தேவலை என்று தோன்றியது.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் கை வைத்த இடத்தைப் பார்த்தேன். மேடம் சொன்ன வெள்ளைக் கல், வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்த அதே கல். அதன் மேலும் கோடுகள் இருந்தன, படுக்கைவாட்டில்.

"மேடம்! இங்க வெள்ளைக் கல்லுல குறுக்கால கோடு போவுது!"

"மழைத் தண்ணி வழிஞ்ச தடமா இருக்கும்."

"தண்ணி கீழதான மேடம் வழியும்?"

அவர் மேலே ஏறி வந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கல்லோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். விரலால் தடவினார். எனக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. அடைத்த கல்லே உரசியிருக்கிறது என்றால், அடைத்ததற்கு அப்புறமும் வெடிப்பு நகர்ந்திருக்கிறது. சார் சொன்னது சரி. மேடம் நினைத்திருந்தால், "ஒண்ணுமில்ல தம்பி, வாங்க" என்று என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கலாம். மேலே இருக்கிறவருக்குத் தெரியவே போவதில்லை.

அவர் எழுந்து, மேலே பார்த்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்: "இங்க வாங்க! வந்து இதப் பாருங்க!"

சார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், உங்களைத்தான் என்று. தொப்பி பறந்ததைக் கூடக் கவனிக்காமல் அந்த ஆட்டுத் தடத்தில் ஓடி வந்தார். கல்லைப் பார்த்தார். அவர் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, வெள்ளைக் கல்லைப் பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து போனார். பத்தடி தள்ளி நின்றார். "நீங்களும் இங்க வாங்க" என்றார், மேடத்திடம், நேராக.

அங்கே வெள்ளைக் கல் முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. அதை ஒட்டிக் கருப்புப் பாறையில் புதிதாக ஒரு வெடிப்பு ஓடியது, என் பம்பரைப் போலவே. "இந்த இடத்துல நீங்க சொன்னதுதான்" என்றார் சார். அவராலும் அதை மறைத்திருக்க முடியும்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். பல கல்யாணங்களைப் பார்த்தவன் நான்.

அந்த அமைதி இரண்டு நிமிடம் நீடித்திருக்கும்.

"அப்போ பெரும்பகுதி நகர்ந்திருக்குதுன்னு எழுதலாம்" என்றார் சார்.

"பெரும்பகுதியா? சில இடத்துலன்னு எழுதுங்க" என்றார் மேடம்.

ஆரம்பித்துவிட்டது. இருபது வருடமாகப் பேசாத பேச்சு முழுவதும் அந்தப் பள்ளத்தில் எதிரொலித்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மேலே ஏறிப் போய்விட்டன. இடையில் சுத்தியலும் வந்தது. "அவங்கன்னு நான் சொல்லவே இல்ல!" "சொன்னீங்க!" சேதி சொல்லி அனுப்பிய நாட்களில் ஒரு சண்டைக்குப் பத்து நிமிடம் ஆகும், நான் ஏறி இறங்க வேண்டும் அல்லவா. இப்போது மூச்சு விட இடைவெளியில்லை.

திரும்பும்போது சார் முன் சீட்டில் ஏறவில்லை. மேடம் எடுத்த படங்களைப் பார்க்க வேண்டும் என்று கடைசி வரிசையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பாலாற்றுக்கு இந்தப் பக்கம் டீக்கு நிறுத்தினேன். டீ மாஸ்டர் எனக்குத் தெரிந்தவர். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டபடி கத்திக்கொண்டிருந்த இருவரையும் பார்த்து, "புருஷன் பொண்டாட்டியாப்பா?" என்றார்.

"இல்லண்ணே, பாறை பாக்கறவங்க."

"பாறைக்கா இப்படி?"

"ரெண்டாவது தடவை நகர்ந்துச்சாண்ணே."

"எப்போ?"

"பல கோடி வருஷம் முன்னாடி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எனக்கு இன்னொரு டீ போட்டார்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க" என்று இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். "'சில இடத்தில் நகர்ந்திருக்கிறது'ன்னா, 'சில இடத்தில் நகரவில்லை'ன்னா? எத முதல்ல எழுதறது?"

நான் டயரில் காற்று பார்க்க வேண்டும் என்று சொல்லி எழுந்து போனேன்.

பிறகொரு நாள் மேடம் போன் செய்து சொன்னார், அறிக்கை போய்விட்டது என்று. முதல் பத்தியை அவர் எழுதினாராம், இரண்டாவதை சார் எழுதினாராம், மூன்றாவது பத்திக்கு மட்டும் ஒரு மாதம் ஆனதாம். அன்று சனிக்கிழமை அவர்களை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டேன். லாட்ஜ் பைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, ஒரே பெட்டியில் ஏறி, எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ரயில் நகரும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். மேடம் ஒரு வெள்ளைக் கல்லைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். சார் விரலை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் மடியிலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேடி எழுந்தார்.